பொறிஞர் தலைவனே, உன் நாவைப் பூட்டியவர் யார்?

"தமிழில் பாட்டெழுதலாம், பொறி வரைய முடியாது" என்று சொல்லித் திரியும் கூட்டம் ஒன்று தமிழ்நாட்டில் உண்டு. வழக்குமன்றத்திலும் கோயில் வாயிலிலும் தமிழை மறித்த அக்கூட்டத்தின் உடன்பிறப்புகள், இக்கால் ஓசூரிலும் கோவையிலும் திருப்பெரும்புதூரிலும் உயர்நுட்பக் கருவி செய்யும் தொழிலகங்களில், வடிவமைப்புக் குழுவின் தலைமை இருக்கையில் அமர்ந்துள்ளனர். அவர்களை நோக்கியே இவ்வுரை.

தலைவன் தமிழன், அவன்கீழ்ப் பணியாற்றும் பொறிஞர் தமிழர், பொறியைப் பொருத்தும் தொழிலாளரும் தமிழர். ஆயினும், வரைபடத்தை ஆய்வு செய்யும் கூட்டம் தொடங்கியதும் அனைவர் வாயிலும் ஆங்கிலம் வந்து குந்திக் கொள்கிறது! அங்கு ஆங்கிலேயன் ஒருவனும் இல்லை. பின் யாருக்காக இக்கூத்து?

இது வெறும் மானத்தைப் பற்றிய வழக்கன்று. பொறியின் செப்பத்தைப் பற்றிய வழக்குமாகும். எஃகு அடித்தளத்தின் மேல் ஒரு மீட்டர் நீள அலுமினியத் தகட்டைப் பொருத்துவதாகக் கொள்வோம். வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால், மீட்டருக்கு எஃகு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஏறத்தாழ 12 பங்கும், அலுமினியம் ஏறத்தாழ 23 பங்கும் நீளும். ஐந்து பாகை உயர்ந்தால் இரண்டிற்கும் இடையே ஏறத்தாழ 55 பங்கு வேறுபாடு. நுண்சில்லு செய்யும் கருவிகளில் பொறுக்கத்தக்க பிழையோ இதனினும் பன்மடங்கு சிறிது. எனவேதான், ஒரு முனையை இறுக்கி, மறுமுனையை நீளவாட்டில் நகர விடுமாறு நீள்துளை இடுகின்றனர். "ஏன் நகர விட வேண்டும்?" என்னும் கரணியம் பொருத்துநனுக்கு விளங்கவில்லையெனில், நல்லெண்ணத்தோடே அவன் இரு முனைகளையும் முறுக்கி இறுக்குவான். தகடு வளையும், அளவு கெடும், பழி அவன் தலையில் விழும். கரணியத்தைப் புரியாத மொழியில் ஓர் ஓரக் குறிப்பாக எழுதி வைத்தவன் தப்பிக் கொள்வான்!

இதனினும் பெரிய இழப்பு மற்றொன்று. "இத்திருகைத் திருப்பக் கை நுழையாது, இவ்விடத்தில் கருவி முட்டும்" என்பதை முதலில் அறிபவன் பொருத்துநனே. தமிழில் கேட்டால் ஒரு நொடியில் சொல்வான். ஆங்கிலக் கூட்டத்தில் அவன் வாய்பொத்தி நிற்கிறான். அவன் வாய் திறவாமையால், வரைபடத்தில் அழிப்பானால் தீர வேண்டிய குறை, இரும்பில் வெட்டித் தீர்க்கும் குறையாகின்றது.

"தமிழில் சொல் இல்லையே" என்பது இவர்தம் முதற் சாக்கு. செருமானியர் தம் தொழில்தரங்களுக்கு 1917ஆம் ஆண்டில் அமைப்புக் கண்டனர். 1918இல் வெளியிட்ட முதல் தரம் ஒரு கூம்பாணியைப் பற்றியது. அச்சிற்றாணிக்கும் தம் மொழியிலேயே பெயரிட்டு அளவும் வகுத்தனர். பால், பைட்சு என்னும் பேராசிரியர் இருவர் 1977இல் வெளியிட்ட பொறி வடிவமைப்பு நூல் செருமன் மொழியில் பிறந்தது. 1984இல்தான் ஆங்கிலத்திற்குப் பெயர்ந்தது. ஆங்கிலமன்றோ அவர்களைத் தேடிச் சென்றது!

சப்பானியரைப் பாருங்கள். "கைசன்", "கான்பன்", "போக்கயோக்கே" என்று அவர்தம் பட்டறைச் சொற்களை நம் தொழிலகச் சுவர்களில் எழுதி வைத்து, நாள்தோறும் ஓதுகின்றனர் நம் தலைவர்கள். சப்பானியச் சொல் நுழையும் வாயில் "இடைவிடா மேம்பாடு" நுழையாதோ? "பிழைத்தடுப்பு" நாவைச் சுடுமோ? தண்டு, தாங்கி, திருகு, மரை, வார்ப்பு, கடைசல், அரம், உளி என வழிவழி வந்த சொற்களை உடைய இனத்திற்கா சொற்பஞ்சம்? பஞ்சம் சொல்லில் இல்லை, நெஞ்சில்!

"அயல்நாட்டார்க்கு அனுப்ப வேண்டுமே" என்பது அடுத்த சாக்கு. அனுப்புக! கோடும் எண்ணும் குறியீடும் உலகிற்குப் பொது. வாங்குவோனுக்கு ஆங்கிலப் படி ஒன்று செல்லட்டும், யார் தடுத்தார்? ஆனால் சிந்திப்பதும் உரையாடுவதும் கற்பிப்பதும் அயலான் மொழியில் ஏன்?

அண்ணா பல்கலைக்கழகம் 2010ஆம் ஆண்டில் பொறியியலைத் தமிழ்வழியில் கற்பிக்கத் தொடங்கியது. அவ்வழி பயின்று வரும் இளைஞனின் வடிவமைப்புத் திறனை ஆராயாமல், ஆங்கிலப் பேச்சை மட்டும் எடைபோட்டுக் கதவடைப்பவன் எவனோ, அவனே தமிழ்வழிக் கல்வியின் கழுத்தை நெரிப்பவன்.

எனவே, குழுத்தலைமை ஏற்ற தமிழ்ப் பொறிஞனே, மூன்று செய். ஆய்வுக் கூட்டத்தைத் தமிழில் நடத்து. பொருத்துநனை அதில் உடன் அமர்த்து. வரைபடக் குறிப்பையும் பொருத்துமுறைக் கையேட்டையும் கரணியத்தோடு தமிழில் எழுது. உன் குழு ஆளும் சொற்களைத் தொகுத்து, திங்கள்தோறும் பெருக்கு. இவற்றிற்கு அரசாணை வேண்டா, செல்வம் வேண்டா, முதுகெலும்பு ஒன்றே வேண்டும்.

பொறியை ஆள்பவன் மொழியையும் ஆள்க! தொழிலகந்தோறும் தமிழ் எழுக!