ஹைட்டியின் கால்களுக்கு அனுமதி, கண்களுக்குத் தடை

2025 நவம்பர் 18 அன்று ஹைட்டி கால்பந்து அணி நிகரகுவாவை 2-0 என்ற கணக்கில் வென்று 2026 உலகக்கோப்பைக்குத் தகுதி பெற்றது. 1974க்குப் பிறகு அந்நாடு உலகக்கோப்பையில் ஆடப்போவது இதுவே முதல்முறை. 1803இல் இதே நவம்பர் 18 அன்றுதான் வெர்த்தியேர் என்னுமிடத்தில், அடிமைகளாக இருந்தவர்களின் படை நெப்போலியனின் படையை இறுதியாக முறியடித்தது; அடுத்த சில வாரங்களில் கறுப்பின மக்களின் முதல் குடியரசு பிறந்தது. வெற்றி பெற்ற ஆட்டம் ஹைட்டியின் ‘சொந்த மண்’ ஆட்டமாகக் கணக்கிடப்பட்டாலும் நடந்தது குராசோ தீவில். தலைநகரின் பெரும்பகுதி ஆயுதக் குழுக்களின் பிடியில் இருப்பதால் தகுதிச் சுற்றில் ஒரு ஆட்டத்தைக்கூட அவ்வணி தன் மக்கள் முன் ஆட முடியவில்லை. பயிற்சியாளர் செபாஸ்தியன் மிஞே பொறுப்பேற்றபின் ஹைட்டியில் கால் வைத்ததே இல்லை.

ஆக, உள்நாட்டில் தம் அணியைக் காண வழியற்ற மக்களுக்கு எஞ்சியிருந்தது ஒரே வழி: உலகக்கோப்பைக்குப் பயணம் செய்வது. ஜூன் 13 அன்று ஸ்காட்லாந்துடன் பாஸ்டனை அடுத்த ஃபாக்ஸ்பரோவில், 19 அன்று பிரேசிலுடன் பிலடெல்பியாவில், 24 அன்று மொராக்கோவுடன் அட்லாண்டாவில். போட்டியை அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகிய மூன்று நாடுகள் சேர்ந்து நடத்துகின்றன; ஹைட்டியின் மூன்று குழு ஆட்டங்களுமோ அமெரிக்காவில்தான். அந்த அமெரிக்கா 2025 ஜூன் மாதப் பிரகடனத்தின் வழியே ஹைட்டி, ஈரான் உள்ளிட்ட 12 நாட்டினரின் நுழைவை முழுமையாக நிறுத்திவைத்துள்ளது. டிசம்பர் 16 அன்று பட்டியல் நீட்டப்பட்டது. இவ்வாண்டு ஜனவரி 1 முதல் செனகல், ஐவரி கோஸ்ட் நாட்டினருக்குச் சுற்றுலா விசாவும் நிறுத்தப்பட்டது. இவ்விரு அணிகளும் உலகக்கோப்பையில் ஆடுபவை.

இப்பிரகடனத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு. நாம் நிறுத்தி வாசிக்க வேண்டிய இடம் அதுவே. உலகக்கோப்பை, ஒலிம்பிக் போன்ற பெரும் போட்டிகளுக்கு வரும் விளையாட்டு வீரர்கள், பயிற்சியாளர்கள், அணிக்குத் தேவையான பணியாளர்கள், அவர்களின் நெருங்கிய உறவினர்கள் ஆகியோருக்குத் தடை இல்லை. ரசிகர் என்ற சொல் அதில் இல்லை. ஏற்கெனவே செல்லுபடியாகும் விசா வைத்திருப்போரும், பட்டியலில் இல்லாத நாட்டின் கடவுச்சீட்டையும் உடையவர்களும் வரலாம். போர்ட்டோ பிரின்சிலிருந்து புதிதாக விண்ணப்பிக்கும் ஒரு ஆசிரியரோ தையல்காரரோ வர இயலாது. ஹைட்டி மனிதர் அமெரிக்க மண்ணுக்கு ஆபத்தானவர் என்பது அரசின் வாதம். ஆனால் தொலைக்காட்சிக்கும் விளம்பரதாரருக்கும் அவர் கால்கள் தேவைப்பட்டால், அவ்வளவு மட்டும் ஆபத்தற்றவராகிவிடுகிறார்.

இந்தத் தர்க்கம் நமக்குப் புதிதன்று. 1890களில் பூனாவில் பல்வங்கர் பாலு என்ற சமார் சமூகப் பந்துவீச்சாளர் இந்து அணிக்காக ஆடினார். மைதானத்தில் அவர் தொட்ட பந்தை மற்றவர்கள் தொட்டார்கள். விக்கெட் விழுந்தபோது மகிழ்ந்தார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்கு வெளியே நிற்கவைத்து மண் குவளை, மற்றவர்களுக்கு உள்ளே பீங்கான் கோப்பை. 1911இல் இங்கிலாந்துப் பயணத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தித் திரும்பியவருக்கு இந்து அணியின் தலைமை கடைசிவரை கிடைக்கவில்லை. (1937 தேர்தலில் அவர் அண்ணல் அம்பேத்கரை எதிர்த்துப் போட்டியிட்டுத் தோற்றது தனிக்கதை.) இரட்டைக் குவளையின் இலக்கணம் இதுதான்: உழைப்பு உள்ளே வரலாம், உழைத்தவர் அமரக்கூடாது. திருவிழாவில் பறையடிக்க அழைக்கப்பட்டு, தேர் பார்க்க நின்றால் விரட்டப்பட்ட தலைமுறைகள் நம் வீடுகளிலேயே உண்டு.

சட்டத்தின் கண்ணில் இத்தடை எங்கே நிற்கிறது? அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 212(எஃப்) பிரிவு, நாட்டின் நலனுக்குக் கேடு எனத் தாம் கருதும் எந்த வகை வெளிநாட்டினரையும் தடுக்கும் அதிகாரத்தைக் குடியரசுத் தலைவருக்கு அளிக்கிறது. 2018இல் ‘டிரம்ப் எதிர் ஹவாய்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற பெரும்பான்மையில் அந்த அதிகாரத்தை ஏற்றது. நீதிபதி சோட்டோமேயர் தம் மாறுபட்ட தீர்ப்பில், ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்ததை ஏற்ற 1944ஆம் ஆண்டுக் கொரமட்சு தீர்ப்போடு அதனை ஒப்பிட்டார். ஆகவே அமெரிக்க நீதிமன்றங்களில் பெரிதாக எதிர்பார்க்க ஒன்றுமில்லை.

சர்வதேசச் சட்டமோ தானே ஒரு கதவைச் சாத்தி வைத்திருக்கிறது. இனப்பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கையின் முதல் பிரிவு, குடிமக்களுக்கும் குடிமக்கள் அல்லாதோருக்கும் இடையே அரசு காட்டும் வேறுபாட்டை உடன்படிக்கைக்கு வெளியே நிறுத்துகிறது. 2021 பிப்ரவரியில் கத்தார் - ஐக்கிய அரபு அமீரகம் வழக்கில் சர்வதேச நீதிமன்றம் ஒரு படி மேலே போய், உடன்படிக்கை கூறும் ‘தேசிய வம்சாவளி’ என்பதில் ஒருவரது தற்போதைய நாட்டுரிமை அடங்காது என்றது. நம் தரப்புக்கு இது முக்கியமான செய்தி. இதே பிரிவில் உள்ள ‘வம்சாவளி’ என்ற சொல்லில் சாதியும் அடங்கும் என்று உடன்படிக்கைக் குழு 2002இல் தன் 29ஆம் பொதுப் பரிந்துரையில் கூறியது. இந்திய அரசு இன்றுவரை அதை ஏற்கவில்லை. பிறப்பைக் காரணம் காட்டி ஒதுக்குவதைச் சட்டச் சொற்களின் இடுக்கில் ஒளித்துவைக்கும் வேலையில் வாஷிங்டனுக்கும் தில்லிக்கும் அதிகத் தூரம் இல்லை.

தடைக்குக் கூறப்படும் காரணத்தையும் பார்ப்போம். விசாக் காலம் முடிந்தும் ஹைட்டியர் தங்கிவிடுகிறார்கள் என்கிறது பிரகடனம். சுற்றுலா, வணிக விசாவில் வந்தோரில் சுமார் 31 விழுக்காட்டினர் அவ்வாறு தங்கியதாகக் கணக்குக் காட்டுகிறது. இருக்கட்டும். அதே கணக்கின்படி மூவரில் இருவர் உரிய காலத்தில் திரும்பியிருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்தே தண்டனை. ஒருவர் செய்தது என்ன என்று கேளாமல், எந்தக் கூட்டத்தில் பிறந்தார் என்று கேட்டுக் குற்றவாளியாக்கும் முறைக்கு நம் நாட்டில் 1871லேயே சட்டம் இருந்தது. அதன் பெயர் குற்றப் பரம்பரைச் சட்டம்.

தடைப் பட்டியலில் இல்லாத இந்தியருக்குக் கதவு அகலத் திறந்திருக்கிறது என்றும் எண்ணிவிட வேண்டாம். சுற்றுலா விசா கேட்கும் ஒவ்வொருவரும் குடியேற வருபவர் என்றே அமெரிக்கச் சட்டத்தின் 214(பி) பிரிவு முதலில் அனுமானிக்கிறது. திரும்பிப் போவேன் என்பதை விண்ணப்பதாரரே மெய்ப்பிக்க வேண்டும். நிலம், வீடு, வங்கி இருப்பு, நிரந்தர வேலை ஆகியவையே நடைமுறையில் சான்றுகள். நிலமற்றவர்களின் பேரப்பிள்ளைகள் இச்சான்றுகளுக்கு எங்கே போவார்கள்? போட்டிக்கான நுழைவுச்சீட்டு வாங்கியோருக்கு விசா நேர்காணலில் முன்னுரிமை தரும் ஏற்பாடு ஒன்றைக் கடந்த நவம்பரில் வெள்ளை மாளிகையில் அறிவித்தார்கள். அது வரிசையில் முன்னே நிறுத்தும். விசா கிடைக்கும் என்று உறுதி சொல்லாது.

ஃபிபா என்ன செய்கிறது? அதன் விதித்தொகுப்பின் 4ஆம் பிரிவு இனம், நிறம், தேசிய அல்லது சமூகப் பின்புலம் மட்டுமன்றி, செல்வம், பிறப்பு ஆகியவற்றின் பேரிலான பாகுபாட்டையும் தடை செய்கிறது. மீறினால் இடைநீக்கமோ வெளியேற்றமோ உண்டு என்கிறது. ‘பிறப்பு’ என்ற சொல்லை இவ்வளவு தெளிவாக எழுதிவைத்த விளையாட்டு அமைப்புகள் மிகக் குறைவு. 2017இல் அதன் தலைவர் ஜானி இன்ஃபாண்டினோ, தகுதி பெறும் அணியினரும் அவர்களின் ரசிகர்களும் நாட்டுக்குள் நுழைய முடியாவிட்டால் உலகக்கோப்பையே இல்லை என்ற பொருளில் வெளிப்படையாகப் பேசினார். 2025 டிசம்பர் 5 அன்று குழுப் பிரிப்பு விழாவில் அதே தலைவர் அமெரிக்கக் குடியரசுத் தலைவருக்கு ஃபிபாவின் முதல் அமைதிப் பரிசை வழங்கினார். பதினோராம் நாள் தடைப் பட்டியல் நீண்டது.

தன்னால் ஒரு அரசை வற்புறுத்த இயலாது என்று ஃபிபா கூறினால் அது உண்மையன்று. 2018இல் ரஷ்யா நுழைவுச்சீட்டு வாங்கியோருக்கு ரசிகர் அட்டை கொடுத்து விசா இல்லாமல் அனுமதித்தது. 2022இல் கத்தாரும் ஹய்யா அட்டையையே நுழைவு அனுமதியாக்கியது. அங்கே ரசிகருக்குத் திறந்த அதே வாயில், அரங்கங்களைக் கட்டிய இந்திய, நேபாள, வங்கதேசத் தொழிலாளருக்குக் கடனும் கஃபாலாவும் சூழ்ந்த வாயிலாக இருந்தது. அதை நாம் மறக்கவில்லை. ஆயினும் நுழைவு உறுதிமொழியை ஒரு நாட்டிடமிருந்து பெறும் வலிமை ஃபிபாவுக்கு உண்டு என்பதற்கு அவை சான்று. 2023 மார்ச்சில் இஸ்ரேல் அணியின் வருகைக்கு இந்தோனேசியாவில் எதிர்ப்பு எழுந்தபோது, 20 வயதுக்குட்பட்டோர் உலகக்கோப்பையை அந்நாட்டிடமிருந்து சில வாரங்களுக்கு முன்பாக ஃபிபா பறித்தது. ஜகார்த்தாவிடம் இருந்த துணிவு வாஷிங்டன் முன் காணாமற்போனது.

நுழைவுச்சீட்டு விலையைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. இறுதி ஆட்டத்தின் மிகக் குறைந்த விலை 4,000 டாலருக்கு மேல் என்று தெரிந்ததும் ஐரோப்பிய ரசிகர் அமைப்புகளே கொதித்தன. உடனே டிசம்பர் 16 அன்று, தீவிர ரசிகர்களுக்கென 60 டாலர் சீட்டுகளை ஃபிபா அறிவித்தது. தடை நீட்டிப்பில் கையெழுத்தானதும் அதே நாள்தான். விலைக்கு எதிரான குரல் கேட்டது. நுழைவுக்கான குரல் கேட்கவில்லை. எந்த ரசிகரின் குரலுக்கு எவ்வளவு எடை என்பதை இவ்விரு அறிவிப்புகளையும் அருகருகே வைத்தாலே அளந்துவிடலாம்.

அண்ணல் தம் தீண்டாமை அனுபவங்களை எழுதிய சிறு நூலின் தலைப்பிலேயே விசா இருக்கிறது: ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’. அதில் 1934இல் தோழர்களுடன் தௌலதாபாத் கோட்டையைச் சுற்றிப் பார்க்கப் போன நிகழ்ச்சி வருகிறது. கோட்டை வாயிலில் இருந்த குளத்து நீரில் முகம் கை கால் கழுவியதற்காகக் கூட்டம் திரண்டு வசைபாடியது. கடைசியில் கோட்டைக்குள் அனுமதித்தார்கள். எங்கும் நீரைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு, ஆயுதம் ஏந்திய காவலர் ஒருவரைக் கூடவே அனுப்பி. அவர்கள் அங்கே வேலைக்குப் போகவில்லை, வழிபடப் போகவில்லை. பார்க்கப் போனார்கள். பார்வையாளராக இருக்கும் உரிமை சிறிய உரிமை என்று எண்ணுவோர் அப்பக்கங்களைத் திரும்பப் படிக்கலாம்.

ஜூன் 13 ஆட்டத்தில் அரங்கு வெறிச்சோடிக் கிடக்காது. பாஸ்டனிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் பெரிய ஹைட்டியச் சமூகம் வாழ்கிறது, கொடிகள் பறக்கும். ஆனால் அவர்களில் பலர் தற்காலிகப் பாதுகாப்பு நிலையை நம்பி வாழ்பவர்கள். அதை முடிவுக்குக் கொண்டுவர அரசு முயல்கிறது, வழக்குகள் நடக்கின்றன. 2025 கிளப் உலகக்கோப்பை ஆட்டங்களில் தம் அலுவலர்கள் இருப்பார்கள் என்று எல்லைக் காவல் துறை சமூக ஊடகத்தில் எழுதிப் பின்னர் நீக்கியது நினைவிருக்கும். தௌலதாபாத்தின் காவலர் இங்கே சோதனை வாயிலில் நிற்கக்கூடும்.

மாணவர் அமைப்புகளும் வழக்கறிஞர் தோழர்களும் எழுப்ப வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. 4ஆம் பிரிவின்படி ஃபிபா தன் மனித உரிமைப் புகார் வழியில் இதனை விசாரணைக்கு எடுக்க வேண்டும். இனிப் போட்டி நடத்தும் உரிமை கோரும் எந்த நாடும், தகுதி பெறும் எல்லா நாட்டு ரசிகர்களுக்கும் நுழைவு உறுதி தந்தாலொழிய ஒப்பந்தம் கையெழுத்தாகக் கூடாது. ஒவ்வோர் ஆட்டத்திலும் பங்கேற்கும் நாட்டின் கூட்டமைப்புக்கு 8 விழுக்காடு இருக்கைகளை ஃபிபா ஒதுக்குகிறது. ஹைட்டிக் கூட்டமைப்பிடம் அந்த 8 விழுக்காடு இருக்கிறது. போர்ட்டோ பிரின்சில் இருக்கும் ஒருவர் அதில் ஒன்றைப் பணம் கொடுத்து வாங்கலாம். ஆட்ட நாளில் அவர் கையில் அச்சீட்டு இருக்கும், ஃபாக்ஸ்பரோவில் அவருடைய இருக்கை இருக்கும்.