ஜே கே பி ஓ அரைப்புள்ளி

மக்களே, தலைப்பைப் பாத்து ஏதோ புதுக் கட்சின்னு நினைச்சுடாதீங்க. பாமினில "தமிழ்"னு அடிச்ச ஃபைலை, பாமினி இல்லாத பொட்டில திறந்தா இங்கிலீஷ் எழுத்துல இப்படித்தான் தெரியும். நம்மள்ல பல பேர் இதோட மாரடிச்சவங்கதான். அதெல்லாம் பழங்கதை, யூனிகோட் வந்து முடிஞ்சு போச்சுன்னு நானும் நினைச்சேன். முடியலைங்க.

எங்க வ. புதுப்பட்டில பெரியப்பா வாத்தியாரா இருந்து ரிட்டையர் ஆனவர். ஊர்க்கதை, கண்மாய்க்கதை, குடும்பக்கதைன்னு பதினோரு அத்தியாயம் நோட்டுல எழுதி, 2004-ல டிடிபி சென்டர்ல குடுத்து அடிச்சு சிடில வாங்கி வச்சிருந்தார். நோட்டும் பிரிண்ட்டும் கரையானுக்குப் போச்சு. பெரியப்பாவும் போயிட்டார். மிஞ்சினது அந்த சிடி.

அதுல ஏழு அத்தியாயம் வேர்டு ஃபைல். திறந்தா ஜிலேபிதான், ஆனா ஃபாண்ட் பேரை வேர்டு ஞாபகம் வச்சிருக்கும். பாமினின்னு தெரிஞ்சதும் சுரதா செஞ்ச பொங்குதமிழ்ல போட்டேன், வந்துடுச்சு. (சுரதாவுக்கு ஒரு கோயிலே கட்டலாம்.) மீதி நாலும் வேற எங்கயோ அடிச்ச வெறும் டெக்ஸ்ட். டாப், டிஸ்கி மாதிரி முறைகள்ல தமிழ் எழுத்து 128-க்கு மேல உக்காந்திருக்கும். நடுவுல எந்தப் புண்ணியவான் எந்த சாஃப்ட்வேர்ல சேமிச்சாரோ, மேல் பாதி மொத்தமும் கேள்விக்குறி ஆயிடுச்சு. வரிசையா கேள்விக்குறி, நடுவுல 1957, அப்புறம் கேள்விக்குறி, 1964. எங்க அப்பத்தா பத்தின அத்தியாயம் அதுலதான் இருந்துச்சு. இதை எந்த கன்வெர்ட்டரும் மீட்காது.

சரி, அது அந்தக் காலம், மன்னிச்சுடலாம். இப்ப நடந்ததைக் கேளுங்க.

கிடைச்ச ஏழு அத்தியாயத்தை வருஷ திதிக்குச் சின்னப் புத்தகமா போடலாம்னு யூனிகோட்ல ஒரு அச்சகத்துக்குக் குடுத்தேன். "இது எங்க சிஸ்டத்துல வராதுண்ணே"ன்னு அவங்க ஃபாண்டுக்கு மாத்துனாங்க. மாத்துனதுல கொம்பு எல்லாம் இடம் மாறிப் போச்சு. யூனிகோட்ல முதல்ல ககரம், பின்னாடி கொம்பு. பழைய ஃபாண்ட்ல கண்ணுக்குத் தெரியுற மாதிரி கொம்புதான் முதல்ல. மூணு தடவை புரூஃப் பாத்து, அங்கங்க பெரியப்பா விட்ட பிழையும் திருத்திக் குடுத்தேன். கடைசில திருத்தின ஃபைலைக் குடுங்கன்னா பிடிஎஃப் குடுத்தாங்க. அதுலருந்து காப்பி பண்ணி ஒட்டிப் பாத்தேன். மறுபடி ஜிலேபி!

"படிக்கத் தெரியுதுல்ல, அப்புறம் என்ன?"ங்கறார். இந்த ஒரு வாக்கியத்து மேலதான் என் கோவம் எல்லாம். கண்ணுக்குத் தெரிஞ்சா மட்டும் போதும்னா ஃபோட்டோ புடிச்சுக்கலாமே, கம்ப்யூட்டர் எதுக்கு? அந்த பிடிஎஃப்ல "கண்மாய்"னு தேடினா வராது. பார்வையில்லாதவங்களுக்குப் படிச்சுக் காட்டுற மென்பொருள் அதைப் பாத்து உளறும். பத்து வருஷம் கழிச்சு என் பிள்ளையும் ஒரு சிடிய வச்சுக்கிட்டு முழிக்கும்.

அவங்க பக்கமும் ஒரு நியாயம் இருந்துச்சு, ஒத்துக்கறேன். பேஜ்மேக்கருக்கு யூனிகோட் தமிழ் தெரியாது. ஆனா அந்த பேஜ்மேக்கரோட கடைசிப் பதிப்பு 7.0 வந்தது 2001-ல! யூனிகோட்ல தமிழுக்கு 1991-லயே இடம் குடுத்தாச்சு. விண்டோஸ் 2000-லயே லதா ஃபாண்ட் வந்தாச்சு. 2010 ஜூன்ல தமிழக அரசே யூனிகோட்தான், அது ஓடாத இடத்துல டேஸ் 16-ன்னு ஆணை போட்டாச்சு. இன்டிசைன் எப்பவோ இந்திய மொழிகளைக் கத்துக்கிச்சு. இன்னும் "சிஸ்டத்துல வராது"ன்னா, வராதது சிஸ்டத்துல இல்ல, மனசுல.

தப்பு அவங்க மேல மட்டும் இல்ல. அட்வான்ஸ் குடுக்கும்போதே "யூனிகோட் ஃபைல் திருப்பித் தரணும்"னு நான் சொல்லியிருக்கணும். நீங்க புத்தகம் போடப் போறீங்கன்னா (உங்கள்ல பாதிப் பேருக்கு அந்த ஆசை இருக்குன்னு தெரியும்) சொல்லிடுங்க. அச்சுப் பிரதிய விட அந்த ஃபைல் முக்கியம்.

நான் பாக்கிப் பணத்தைக் குடுக்காம நிறுத்தி வச்சிருக்கேன். நேத்து போன் பண்ணி, "மேட்டரை டெக்ஸ்ட்டா போட்டுத் தரவாண்ணே?"ன்னு கேட்டார்.