லட்சுமிக்குப் பிறகு இன்னொரு யானை வேண்டாம்

2022 நவம்பர் 30 காலை, புதுச்சேரி மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி நடைப்பயிற்சியின்போது தெருவிலேயே சரிந்து விழுந்து உயிரிழந்தது. அதற்கு வயது 32. இறுதி ஊர்வலத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு அழுதார்கள். அந்தக் கண்ணீரில் பொய் இல்லை. வெள்ளிக் கொலுசு பூட்டி அழகு பார்த்த ஊர் இது. துக்கம் ஆறுவதற்குள் புதிய யானை வேண்டும் என்ற குரலும் எழுந்தது. ஒரு சாவை மட்டும் வைத்து எதையும் முடிவுகட்டக் கூடாதுதான். ஆனால் லட்சுமி வாழ்ந்த விதத்தை யோசிக்காமல் இன்னொரு குட்டியை அந்த வாசலில் கொண்டுவந்து நிறுத்துவது நியாயமாகாது.

பிற உயிர்களுக்கு மனிதர் செய்யும் கேட்டையெல்லாம் பேராசையின் கணக்கில் எழுதுவது வழக்கம். நியூசிலாந்தின் மோவா பறவைகள், மனிதர் குடியேறிய ஓரிரு நூற்றாண்டுகளில் வேட்டையாடி அழிக்கப்பட்டன. அந்தக் கணக்கு சரி; ஆனால் முழுமையானதல்ல. பிடித்ததைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளத் துடிப்பதும் மனித இயல்புதான். அதனாலும் பிற உயிர்கள் வதைபடுகின்றன. பெண் யானை தாய், பாட்டி, சகோதரிகளோடு கூட்டமாகவே காலம் கழிப்பது. நாளின் பெரும்பகுதி மேய்ந்தபடி நடப்பது. கோயில் வாசலில் தன்னந்தனியாக நின்று, நீட்டும் நாணயத்தை வாங்கிப் பாகனிடம் கொடுத்து, தும்பிக்கையைத் தலையில் வைப்பது நமக்கு ஆசி. யானைக்கோ அது பழக்கிவிட்ட வேலை. கடினமான தரையில் காலமெல்லாம் நிற்பதால் பாதமும் மூட்டும் கெடுகின்றன. 2020இல் லட்சுமியைக் குரும்பாப்பேட்டில் உள்ள வேளாண் அறிவியல் நிலைய வளாகத்துக்கு மாற்றினார்கள். பக்தர்கள் விடவில்லை, கோயிலுக்கே திரும்பி வந்தது. அவர்களை அப்படிக் கேட்க வைத்தது வெறுப்பல்ல, பாசம்.

கோயில் யானை காலங்காலமாக வரும் மரபாயிற்றே என்பார்கள். மரபின் உயிர் வழிபாட்டில் இருக்கிறது, பிணைத்த விலங்கில் அல்ல. திருச்சூர் மாவட்டம் இரிஞ்ஞாடப்பிள்ளி கிருஷ்ணன் கோயில் 2023இல் இயந்திர யானையை ஏற்றுக்கொண்டது. அங்கே வழிபாடு நின்றுவிடவில்லை. நன்றாகப் பராமரித்தால் போதாதா என்பது அடுத்த கேள்வி. 2024 நவம்பரில் திருச்செந்தூர் கோயில் யானை தெய்வானை தாக்கியதில் பாகனும் அவருடைய உறவினரும் இறந்தார்கள். பழகிய பாகனுக்கே காவலில்லை என்றால், பராமரிப்பால் மட்டும் காட்டு விலங்கின் இயல்பை மாற்ற முடியாது என்றுதான் பொருள். பாகன்களின் பிழைப்பு என்னாவது என்ற கவலை நியாயமானது. இப்போது வளர்ப்பில் உள்ள யானைகளைக் காட்டில் விட்டுவிட முடியாது. திருச்சி அருகே எம்.ஆர்.பாளையத்தில் இருப்பது போன்ற மறுவாழ்வு மையங்களில் அவற்றைப் பேண, பாகன்களின் கைப்பழக்கம் இன்னும் பல ஆண்டுகளுக்குத் தேவைப்படும்.

சட்டம் இரண்டு பக்கமும் இழுக்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தம், உரிமைச் சான்று உள்ள யானைகளைச் சமயக் காரியங்களுக்குக் கைமாற்ற வழிவிடுகிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையோ, கோயில்களும் தனியாரும் இனி யானை வாங்கக் கூடாது என்று 2023 பிப்ரவரியில் சொன்னது. சட்டம் தெளிவாகும்வரை புதுச்சேரி காத்திருக்க வேண்டியதில்லை. இனி யானை வாங்குவதில்லை என்று கோயில் நிர்வாகமும் அரசும் தாமாகவே அறிவிக்கலாம். ஆசையை அடக்கிக்கொள்ளும் திறனும் மனித இயல்பில் ஒரு பகுதிதான். லட்சுமிக்காக அழுதவர்கள் அந்த அறிவிப்பைக் கோரினால், எந்த அரசும் மறுக்காது.