மூக்குச் சதையும் தொழில் கட்டமும்

கேஸ் ஷீட்டில் தொழில் என்ற கட்டத்தில் 'கூலி' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். தூத்துக்குடிக் கரையில் இது போதாது. சங்கு குளிப்பவரா, உப்பளத்தில் வேலையா, தாமிரபரணியில் மணல் அள்ளியவரா, ஊர்க் குளத்தில் குளிப்பவரா? 'மூக்கில சதை வளந்திருக்கு' என்று வருபவரிடம் இதைக் கேட்காமல் எண்டோஸ்கோப்பை எடுப்பதில் பயனில்லை.

குளமும் மணலும் என்றால் ரைனோஸ்போரிடியோசிஸை முதலில் நினைக்க வேண்டும். 1900-இல் புவனோஸ் அயர்ஸில் செபர் விவரித்த இந்நோய் இன்று அதிகம் காணப்படுவது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும்தான். நெடுங்காலம் பூஞ்சை என்றே கருதப்பட்ட கிருமி, மீன்களைத் தாக்கும் ஒட்டுண்ணிகளின் உறவு என்று 1999-இல் மரபணு ஆய்வு காட்டியது. தேங்கிய நன்னீரில் உள்ள கிருமி, சிராய்த்த சளிச்சவ்வு வழியே நுழைகிறது என்பதே பரவலான கருத்து. ஸ்ட்ராபெர்ரி போன்ற சிவப்பு, மேலே வெண்புள்ளிகள், தொட்டால் ரத்தம். இதற்கு மாதக்கணக்கில் ஸ்டீராய்டு ஸ்ப்ரே எழுதுவது வீண். முழுதாக எடுத்து அடிப்பகுதியைச் சுட வேண்டும். துணுக்கு தங்கினால் மறுபடி முளைக்கும்.

வெளிறி, வழுவழுப்பாக, இருபுறமும் தொங்கும் பாலிப்பின் கதை வேறு. நடு மூக்குவழியில் சவ்வும் சவ்வும் உரசும் இடத்தில் சளியோட்டம் தடைபடுகிறது. வீங்கிய அடித்திசு, கிழிந்த மேற்படலம் வழியே பிதுங்குகிறது என்றார் டென்மார்க்கின் மிர்கோ டாஸ். பாலிப் எங்கே முளைக்கும் என்பதற்கு இந்த இயந்திர விளக்கம் நல்ல பதில். ஆனால் தண்டு வளைந்த எல்லா மூக்கிலும் பாலிப் வருவதில்லையே! அதற்கு இன்டர்லூக்கின் 4, 5, 13, ஈசினோஃபில், ஸ்டெஃபிலோகாக்கஸ் நச்சு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வழியை மட்டும் அகலப்படுத்திவிட்டு அழற்சியை விட்டுவிடும் அறுவை, திரும்பச் செய்ய வேண்டிவரும் அறுவைதான்.

முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றது, சங்குகுளிப்பு நிற்கவில்லை. சங்கு குளிப்பதால் பாலிப் வருகிறது என்று சொல்ல ஆதாரம் போதாது. ஆனால் இருக்கும் பாலிப் குளிப்பவருக்கு ஆபத்து. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்கு, அடைபட்ட சைனஸ் காற்றின் கனஅளவு பாதியாக வேண்டும். அது முடியாததால் சவ்வு வீங்கி ரத்தம் கசிகிறது. மேலே வரும்போது விரியும் காற்றுக்கு வழியில்லை. நெற்றிவலியும் மூக்கில் ரத்தமும் சொல்பவரை, எண்டோஸ்கோப்பி பார்க்காமல் மாத்திரை கொடுத்துக் கடலுக்கு அனுப்பக் கூடாது.

கேட்க வேண்டியது இன்னொன்று: இளைப்பு உண்டா, ஆஸ்பிரின் போட்டால் மூச்சு முட்டுகிறதா? இருந்தால் அறுவைக்குப் பின் வலிக்கு டைக்ளோஃபெனாக் வேண்டாம்.