ஆபீஸுக்கு இரண்டாவதாக ஒரு வைஸ்

"ஒண்ணுதான் நல்லா இருக்கே, ரெண்டாவது எதுக்குங்க?" என்று தங்கமணி கேட்டாள். நியாயமான கேள்விதான். கடன் கேட்டு எதிரில் உட்காருகிறவர்களிடம் இதே கேள்வியை வேறு வார்த்தைகளில் தினமும் நான் கேட்கிறேன். அதனால் பதிலும் ஒழுங்காகச் சொல்ல வேண்டும் அல்லவா?

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். கால்கரிக்கு வந்தபிறகு போ ஆற்றில் ட்ரவுட் மீன் பிடிக்கும் பழக்கம் தொற்றிக்கொண்டது. அதற்குப் புழு வேண்டாம். தூண்டில் முள்ளில் நூல், இறகு, மெல்லிய கம்பி சுற்றி, பூச்சி மாதிரியே ஒன்றைக் கட்ட வேண்டும். 'ஃப்ளை' என்பார்கள். முள்ளை அசையாமல் பிடித்துக்கொள்ள ஒரு சின்ன வைஸ் தேவை. எங்கள் வீட்டில் இருப்பது ரோட்டரி வகை. முள் தன் அச்சிலேயே சுழலும், எல்லாப் பக்கமும் பார்த்துக் கட்டலாம். மேஜை விளிம்பில் திருகி மாட்டுவது.

மதிய இடைவேளையில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே தயிர்சாதம் விழுங்குகிற பழக்கத்தை விட வேண்டும் என்று, இந்த வைஸைப் பையில் போட்டு ஆபீஸுக்கு எடுத்துப்போனேன். ஆபீஸ் மேஜையின் விளிம்பு தடிமன், மாட்டவே முடியவில்லை. மறுநாள் ஒரு மரப்பலகையோடு போனேன். அதற்கடுத்த நாள் நூல்கண்டை வீட்டில் மறந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை வைஸையே ஆபீஸில் விட்டுவிட்டு வந்து, சனி ஞாயிறு இரண்டும் வீண். பி.காம். படித்தவனாயிற்றே, கணக்கு வைத்தேன். இருபது மதியங்களில் கட்டியது ஆறே நாள். ஆசை குறையவில்லை, சுமந்து போவதுதான் தடை.

அப்போதுதான் எங்கள் அத்தை ஞாபகத்துக்கு வந்தாள்.

சித்தூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அத்தை பூக்கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். கால் கட்டைவிரலில் நாரை மாட்டி இழுத்துப் பிடித்து, மல்லியும் கனகாம்பரமும் மாற்றி மாற்றி வைத்து முடிச்சுப் போடுவாள். யோசித்துப் பார்த்தால் கட்டைவிரல்தான் அவளுடைய வைஸ். திருப்பதியில் ஒரு ஆபீஸில் குமாஸ்தா வேலை. தினமும் பஸ்ஸில் போய் பஸ்ஸில் வருவாள். போக வர நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். பள்ளி விடுமுறையில் ஒருநாள் என்னையும் கூட்டிப்போனாள். மதியம் சாப்பிட்டதும் பையிலிருந்து பூப்பொட்டலத்தை எடுத்தாள். நாற்காலியில் உட்கார்ந்து நாலு பேர் முன்னால் காலை நீட்ட முடியுமா? மேஜை டிராயரின் கைப்பிடியில் நாரை மாட்டினாள். பதினைந்து நிமிஷத்தில் இரண்டு முழம். சாயங்காலம் கோவிந்தராஜ சுவாமி கோயிலில் கொடுத்துவிட்டு பஸ் ஏறினோம்.

"வீட்ல போய்க் கட்டலாமே அத்தை" என்றேன். "வீட்டுக்குப் போனா அடுப்பு, ஆபீஸ்ல ஃபைலு. இது ஒண்ணுதான்டா என்னோட நேரம்" என்றாள். அந்த வயதில் எனக்குப் புரியவில்லை. நாற்பது தாண்டியபிறகு நன்றாகவே புரிகிறது.

ஆபீஸுக்கு வாங்கும் வைஸ், வீட்டு வைஸைவிட உசத்தியாக இருக்க வேண்டியதில்லை, அந்த இடத்துக்கும் அந்த அரைமணி நேரத்துக்கும் பொருந்தினால் போதும் என்பதுதான் என் கட்சி. டிராயர் கைப்பிடி போல.

முதலில் அடிப்பாகம். விளிம்பில் திருகுவது வேண்டாம், கனமான தட்டின்மேல் நிற்பதை வாங்குங்கள். எந்த மேஜையிலும் நிற்கும், முப்பது வினாடியில் டிராயருக்குள் போய்விடும். இரண்டாவது, ரோட்டரி தேவையில்லை. மதியத்தில் கட்டப்போவது சின்னச் சின்ன ஃப்ளைகள்தான். மூன்றாவது, முள்ளைப் பிடிக்கும் தாடை. ரீகல் வகையில் பின்பிடியை அமுக்கினால் தாடை திறக்கும், முள் அளவு மாறினாலும் திருகு சரிசெய்யும் வேலை இல்லை. அருமையான பொருள், விலையும் அப்படித்தான். ஆனால் ஆபீஸில் நான் கட்டுவது 18ஆம் நம்பர் முள் ஒன்றே. ஒருமுறை திருகிவைத்தால் மாதக்கணக்கில் தொடவேண்டாம். ஆகவே சாதாரண நெம்புகோல் வகை போதும். அதற்காக அடிமட்ட விலையில் வாங்கிவிடாதீர்கள். இரும்பு மெத்தென்று இருந்தால் சின்ன முள் வழுக்கும். மற்ற எல்லாவற்றிலும் சிக்கனம் பிடியுங்கள், தாடையில் மட்டும் வேண்டாம்.

கட்டுவதற்கு ஸீப்ரா மிட்ஜ் சரியாக இருக்கும். ஒரு மணி, கொஞ்சம் நூல், கொஞ்சம் கம்பி, அவ்வளவுதான். இறகு கிடையாது, பக்கத்து மேஜைக்குப் பறக்காது. இறகு வேலையெல்லாம் வீட்டில்தான். சால்மன் ஃப்ளைகளில் கண் மாதிரி வைத்துக் கட்டும் இறகு எந்தப் பறவையுடையது தெரியுமா? நம் திருப்பதி மலைக்காடுகளில் திரியும் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகு! ஒரு காலத்தில் நம் நாட்டிலிருந்து ஏராளமாகக் கப்பலேறியது. இப்போது அதை வேட்டையாட 1972 வனவிலங்குச் சட்டம் அனுமதிப்பதில்லை. கடைகளில் வளர்ப்புப் பறவைகளின் இறகு விற்கிறார்கள். எங்கள் ஊர்ப் பறவையை இவ்வளவு தூரம் வந்து படத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டேன், என்னத்தைச் சொல்ல!

"சம்பளம் வாங்கும் இடத்தில் கைவேலையா?" என்று கேட்பீர்கள். இடைவேளை நேரம் மட்டும், வாடிக்கையாளர் காகிதம் எதுவும் மேஜையில் இல்லாதபோது மட்டும் என்று வைத்திருக்கிறேன். டிபன் பாக்ஸ் மூடியில் ஒரு காந்தம். எடுத்த முள்ளை எண்ணி, எண்ணியே உள்ளே வைப்பேன். தரைவிரிப்பில் ஒன்று விழுந்தாலும் யார் காலிலாவது ஏறும்.

நம்மவர்கள் வீடுகளில் பரணில் ஒரு வீணையோ, தையல் மிஷினோ, வர்ணப்பெட்டியோ தூங்கும். "ஊருக்குத் திரும்பினதும் பார்த்துக்கலாம்", "ரிட்டயர் ஆனதும் ஆரம்பிக்கலாம்" என்போம். நானும் சொல்லியிருக்கிறேன். அத்தை ரிட்டயர் ஆனபோது விரல்கள் வாதத்தில் மடங்கிவிட்டன, நாரைப் பிடிக்க முடியவில்லை. டிராயரில் கட்டியதுதான் அவளுக்கு மிச்சம்.

இதைத் தங்கமணியிடம் சொன்னேன். கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "சரி, வாங்கிக்கோங்க. மூணாவதுன்னு ஒண்ணு வராம இருந்தாச் சரி" என்றாள். கடன் பாஸாகிவிட்டது, நிபந்தனையோடு :-)