கேள்விச் சாட்சியும் பௌதிகப் பாடமும்

நியாயஸ்தலத்தில் ஒருவன் கூண்டேறி, "நான் பார்க்கவில்லை, பார்த்தவர் சொல்லக் கேட்டேன்" என்பானாகில், அவன் வார்த்தையை நீதிபதி ஏற்பதில்லை. கண்டதைக் கண்டவனே சொல்லவேண்டுமென்று 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் 60-வது பிரிவு விதித்தது. 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டமும் இவ்விதியைக் கைவிடவில்லை. ஆனால் நமது பள்ளிக்கூடங்களில் பௌதிக சாஸ்திரம் பெரும்பாலும் கேள்விச் சாட்சியாகவே நடைபெற்று வருகிறது. நியூட்டன் சொன்னார், புத்தகம் சொல்லிற்று, உபாத்தியாயர் சொன்னார். பிள்ளை தன் கண்ணால் கண்டது என்ன என்று கேட்பாரில்லை.

பரிசோதனைச் சாலை இருக்கிறதே என்பர். அதன் லட்சணத்தை நாமே அறிவோம். நாம் வாசித்த ஒரு கலாசாலையில் ஊசல் பரிசோதனை செய்யும் முறை இதுதான்: விடை 980 என்பது முன்னரே தெரியும். அதை முதலில் எழுதிக்கொண்டு, அதற்கு ஒத்துவரும்படி அளவுகளைப் பின்னோக்கிக் கணக்கிட்டு நிரப்புவோம். வக்கீல் தொழிலில் இதற்கு ஜோடித்த சாட்சியம் என்று பெயர். வேடிக்கை என்னவென்றால், 980 என்பது மதுரைக்கு உரிய எண்ணே அன்று. பூமத்திய ரேகைக்கு அருகிலுள்ள நம் ஊரில் புவியீர்ப்பு முடுக்கம் ஏறக்குறைய 978. உண்மையாக அளந்தவனுக்கு மார்க்கு குறைந்திருக்கும். பொய் எழுதிய எங்களுக்கு முழு மார்க்கு!

சர்க்கார் சும்மா இருந்துவிடவில்லை. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08-இல் மாகாணம் முழுவதும் ஆரம்ப வகுப்புகளுக்குப் பரவியது. குழந்தைகள் தரையில் வட்டமாக அமர்ந்து, அட்டைகளைக் கொண்டு தத்தம் வேகத்தில் கற்றனர். அது நல்ல காரியமே. மேல் வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி என்று ஒன்று வந்தது. பாடத்தைப் படித்து, கடினச் சொல்லைக் கோடிட்டு, கருத்து வரைபடம் வரைந்து, தொகுத்து, எழுந்து பேசவேண்டும். சரித்திரப் பாடத்துக்கு இது பொருந்தலாம். பௌதிகத்திலோ பிள்ளையின் கை புத்தகத்தின்மீதே இயங்கிற்று, பொருளின்மீது இயங்கவில்லை. நெம்புகோலைப் பற்றி அழகான வரைபடம் வரைந்தவன் ஒரு கடப்பாறையைத் தொடவில்லை. செயல் உண்டு, பௌதிகம் இல்லை.

பொருளுக்கு நம் சீமையில் பஞ்சமா? திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துக் கிணறுகளைப் பாருங்கள். கமலை போய் மோட்டார் வந்த காலத்தில், நீர்மட்டம் இறங்க இறங்கக் குடியானவன் மோட்டாரையும் கிணற்றுக்குள் இறக்கினான். கரைமேல் வைத்தால் தண்ணீர் ஏறாது என்பது அவனுக்கு அனுபவத்தில் தெரியும். ஏன் ஏறாது? இதே கேள்விதான் இத்தாலி தேசத்துக் கிணறு வெட்டுவோரைத் திகைக்கவைத்தது. 1638-இல் வெளியான தம் நூலில் கலிலியோ இதைக் குறித்தார். சில வருஷங்களுக்குள் அவர் சீடர் டோரிசெல்லி பாதரசக் குழாயைக்கொண்டு காரணத்தைக் காட்டினார். நீரை மோட்டார் இழுப்பதில்லை. வெளிக்காற்றே அதை மேலே தள்ளுகிறது. காற்றின் அழுத்தம் சுமார் 10 மீட்டர் நீருக்குமேல் தாங்காது. நடைமுறையில் 7, 8 மீட்டரே மிச்சம்.

இதை உபாத்தியாயர் வாயால் சொல்லவேண்டியதில்லை. பள்ளி மாடியிலிருந்து ஒரு கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாயைக் கீழேயுள்ள வாளியில் தொங்கவிட்டு, பிள்ளைகளை உறிஞ்சச் சொல்லட்டும். ஓரளவு ஏறி நின்றுவிடும். பிறகு ஒரு சீசாவில் நீர் நிரப்பி, உறிஞ்சுகுழலைச் செருகி, வாயைச் சுற்றி மெழுகால் காற்றுப் புகாமல் அடைத்து, உறிஞ்சச் சொல்லட்டும். நாலு சொட்டுக்குமேல் வராது. "இழுக்கிற பலம் அதேதானே, ஏன் வரவில்லை?" என்று கேட்டுவிட்டு அவர் வாயை மூடிக்கொள்ளட்டும். அந்த மௌனம்தான் உபாத்தியாயருக்கு எல்லாவற்றிலும் கடினமான வேலை.

அறுபது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இது நடக்குமா என்பது நியாயமான ஆட்சேபமே. ஆனால் கருவி இன்றியும் வழியுண்டு. ஒரு மீட்டர் நூலில் சிறு கல். அதே நீள நூலில் பெருங்கல். எது விரைந்து ஆடும்? கை உயர்த்தச் சொல்லுங்கள். பெரும்பாலோர் பெருங்கல் என்பர். அடுத்தவனோடு வாதாடவிட்டு மறுபடி கை உயர்த்தச் சொல்லுங்கள். அதன் பின்னர் எண்ணட்டும்: இரண்டும் 20 ஆட்டத்துக்கு ஏறக்குறைய 40 விநாடி. தான் தோற்ற வழக்கை எவனும் மறப்பதில்லை.

அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையின் எரிக் மசூர், கஷ்டமான கணக்குகளைப் போடும் தம் மாணாக்கர் எளிய கருத்துக் கேள்வியில் தவறுவதைக் கண்டு, 1991 முதல் இவ்விதமே நடத்தலானார். 1998-இல் ரிச்சர்டு ஹேக் என்பவர் 62 வகுப்புகளில் 6,542 மாணாக்கரின் விடைகளை ஒப்பிட்டு வெளியிட்டார். பிரசங்கம் மட்டும் கேட்டவர்கள், பெறக்கூடிய முன்னேற்றத்தில் நூற்றுக்கு 23 பங்கே பெற்றனர். வாதாடிச் செய்து கற்றவர்கள் 48 பங்கு பெற்றனர்.

வெளிதேசத்துச் சான்றே வேண்டுமென்பதில்லை. மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் ஜில்லாவில் 1972-இல் 16 கிராமப் பள்ளிகளில் பிள்ளைகள் தாமே பரிசோதித்துக் கற்கும் முறை தொடங்கிற்று. பிற்பாடு பல நூறு பள்ளிகளுக்குப் பரவியது. அவர்கள் முதலில் கைவைத்தது பரீட்சையில்! புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம், செய்முறையும் உண்டு. மனனத்துக்கு வேலையில்லை. 2002-இல் அந்த மாகாண சர்க்காரே அதை நிறுத்திவிட்டது என்பது வேறு கதை, வருந்தத்தக்க கதை.

நம் மாகாணத்தில் பரீட்சையை யாரும் தொடவில்லை. அதனாலேயே ஒவ்வொரு புது முறையும் பத்தாம் வகுப்பு வாசலில் செருப்பைக் கழற்றுவதுபோல் கழற்றி வைக்கப்படுகிறது. பன்னிரண்டாம் வகுப்புப் பௌதிகத்தில் எழுத்துக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. அந்த 20-ம் முன்கூட்டியே தெரிந்த சில பரிசோதனைகளுக்கே. அதைத் தாண்டினால் நீட். 2025-இல் அது 180 நிமிஷத்தில் 180 கேள்விகள் கேட்டது. காசுள்ளவன் பயிற்சி நிலையத்துக்குப் போகிறான். சர்க்கார் பள்ளிப் பிள்ளைக்குக் கிணற்றங்கரை அனுபவம் ஒன்றே சொத்து. அதற்கு ஒரு மார்க்கும் கிடையாது.

கல்வி இலாகாவை நாம் கேட்பது பெரிதன்று. அந்த 20 மார்க்கில் பாதியையேனும், பட்டியலில் இல்லாத ஒரு பிரச்னைக்கு ஒதுக்கட்டும். ஒரு நூல், ஒரு கல், ஒரு அளவுகோல், ஒரு வாளி நீர் தந்து, ஒரு கேள்வியும் தந்து, புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள் என்று விடட்டும். விடை தவறினும், அளந்ததை அளந்தபடி எழுதியவனுக்கு மார்க்கு கொடுக்கட்டும். வருகிற ஆண்டிலேயே மதுரை ஜில்லாவில் பத்துப் பள்ளிகளில் இதைச் சோதித்துப் பார்க்கத் தடை என்ன?