கடலோர வயலில் உப்பு: ஊர் கூடினால்தான் வடியும்!

கேள்வி: ‘கடலை ஒட்டி 2 ஏக்கர் நிலம் இருக்கிறது. கடல்நீர் ஏறியதிலிருந்து நெற்பயிர் நுனி கருகி நின்றுவிடுகிறது. அப்படியே தரிசாகப் போட்டுவிட வேண்டியதுதானா?’
- வாசகர், வேதாரண்யம்.

பதில்: தரிசாகப் போட வேண்டியதில்லை. 2004 சுனாமியில் கடல்நீர் புகுந்த நாகை மாவட்ட வயல்கள் பலவற்றில், மழைநீரும் பசுந்தாள் உரமும் உப்பைக் குறைத்து, மீண்டும் நெல் விளைய உதவின.

முதலில் வயலைச் சமப்படுத்தி, வரப்பை உயர்த்தி, மழைநீரைத் தேக்க வேண்டும். சில நாள்கள் நிறுத்தி வடித்துவிட்டு, மறுபடியும் தேக்க வேண்டும். அடுத்து தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாள்களில் பூக்கும் தருணத்தில் மடக்கி உழலாம். அதன்பிறகு, உப்பைத் தாங்கும் குழியடிச்சான், களர்பாலை போன்ற பாரம்பர்ய ரகங்கள் ஏற்றவை. மண் பரிசோதனையில் களர் என்று தெரிந்தால் மட்டும் பரிந்துரைக்கும் அளவில் ஜிப்சம் இட வேண்டும். வெறும் உவர் நிலத்துக்கு ஜிப்சம் வீண் செலவு.

இதையெல்லாம் ஒருவர் மட்டும் செய்தால் பலன் நிற்காது. வடிகால் தூர்ந்து கிடந்தால், இவர் வடிக்கும் உப்புநீர் பக்கத்து வயலில்தான் தேங்கும். அவர் வடித்தால் இங்கே வரும். அதனால், ஐப்பசி மழைக்கு முன்பே ஊர் கூடி வடிகாலைத் தூர்வார வேண்டும். கடல் பக்கத்துக் கரையில் உடைப்பு இருந்தால் அடைக்க வேண்டும். அறுவடையின்போது வீட்டுக்கு ஒரு மரக்கால் விதைநெல்லைப் பொதுவில் சேர்த்து வைத்தால், அடுத்த புயலுக்குப் பிறகு விதைக்கு அலைய வேண்டியிருக்காது.